காசநோய் அறுவை மருத்துவம்

காசநோய் அறுவை மருத்துவம் என்பது நுரையீரல், குடல் முதலிய உறுப்புகளில் காசநோயால் ஏற்படும் சிதைவுகளை அறுவை சிகிச்சையால் சீர்செய்யும் துறையாகும். காசநோய்க்கு இன்று முதன்மையான மருத்துவம் மருந்துகளே. ஆயினும் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, அது விட்டுச்சென்ற குழியையோ தழும்பையோ எப்போதும் நீக்குவதில்லை. அறுவையின் தேவை அங்கேதான் எழுகிறது.

வரலாறு

மருந்துகள் கண்டறியப்படாத காலத்தில், நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வளிப்பதே சிகிச்சை எனக் கருதப்பட்டது. நெஞ்சறைக்குள் காற்றைச் செலுத்தி நுரையீரலைச் சுருக்கினர். அது பயன்தராதபோது விலா எலும்புகள் சிலவற்றை அகற்றி நெஞ்சுச் சுவரையே உள்வாங்கச் செய்தனர். பிழைத்தவர்கள் பலர் உருக்குலைந்த மார்புடன் வாழ நேர்ந்தது.

தென்னிந்தியாவில் இந்நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெற்ற இடங்களுள் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் (1915), தாம்பரம் (1928) ஆகியன குறிப்பிடத்தக்கவை. திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; மதனப்பள்ளியும் அக்காலத்தில் அதே மாவட்டத்தில்தான் இருந்தது.

ரீவ் பெட்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் நெஞ்சறை அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறைக்கான முறையான பயிற்சி வேரூன்றியது இங்குதான் எனலாம். பின்னாளில் திறந்த இதய அறுவையில் புகழ்பெற்ற நாகரூர் கோபிநாத் இவரிடம் பயின்றவர்.

சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு நிலைமையை மாற்றியது. 193 நோயாளிகளுள் ஒரு பகுதியினர் வீட்டிலும் ஏனையோர் மருத்துவமனையிலும் ஓராண்டு மருந்து உண்டனர். இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். ஏழை வீட்டின் எளிய உணவும் நெரிசலும்கூடத் தடையாகவில்லை என்பது அன்று பலருக்கு வியப்பளித்தது. நீண்டகால மருத்துவமனை வாசத்தின் தேவை குறைந்தது; மருந்து பரவப் பரவ அறுவையும் குறைந்தது.

இன்றைய தேவை

மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி நுரையீரலின் ஒரு பகுதியில் மட்டும் தங்கியிருத்தல், மிகுதியாக இரத்தம் இருமுதல், பழைய குழியில் பூஞ்சை வளர்தல், நெஞ்சறையில் சீழ் கட்டுதல் ஆகியவற்றுக்கு இன்றும் அறுவை தேவைப்படுகிறது. நுரையீரல் நெஞ்சுச் சுவருடன் இறுக ஒட்டியிருப்பதால் இவை கடினமானவை. சளியில் கிருமி நீங்கிய பின்னர் செய்யப்படும் அறுவை நல்ல பலன் தருகிறது. அவசரநிலையில் செய்வதில் ஆபத்து மிகுதி. அறுவைக்குப் பின்னரும் மருந்தைத் தொடர வேண்டும்.

குடல் காசநோய்

இது பெரும்பாலும் சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தைத் தாக்குகிறது. குடலைச் சுற்றி வளையமாகத் தோன்றும் புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, குடல் வழி குறுகுகிறது. முன்னர் வலப்பக்கப் பெருங்குடல் முழுவதையும் அகற்றுவது வழக்கம். தற்போது நோயுற்ற பகுதியை மட்டும் நீக்குவர். அல்லது குறுகிய இடத்தை நீளவாக்கில் கீறிக் குறுக்குவாக்கில் தைத்து விரிப்பர். குடல் மிஞ்சுவதால் உணவுச்சத்து வீணாவதில்லை. மருந்தினாலேயே அடைப்பு விலகும் நோயாளிகளும் உளர். ஆகவே உடனடி ஆபத்து இல்லையெனில் பொறுத்திருப்பதே முறை. குடல் துளைபட்டால் பொறுக்க இயலாது.

குரோன் நோயும் இதைப் போலவே தோன்றும். அதற்குரிய, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தைக் காசநோயாளிக்குக் கொடுத்தால் நோய் பரவக்கூடும். எனவே அறுவையில் எடுத்த திசுவை ஆய்வுக்கு அனுப்புவது பயிற்சி மருத்துவர்கள் கட்டாயம் கற்க வேண்டிய பழக்கமாகும்.

பயிற்சி

இந்தியாவில் எம்.எஸ். பட்டத்திற்குப் பின் மூன்றாண்டு எம்.சிஎச். படிப்பில் இதய, நெஞ்சறை அறுவை கற்பிக்கப்படுகிறது. அதில் இதயத்திற்கே பெரும்பங்கு நேரம் செல்வதால், ஒட்டிப்போன நுரையீரலைப் பிரித்தெடுக்கும் அனுபவம் நோயாளிகள் மிகுதியாக வரும் மருத்துவமனைகளிலேயே கிடைக்கிறது.