காப்பதற்கு ஒன்று, காட்டுவதற்கு ஒன்று

மருதானை ஸாஹிறாக் கல்லூரியில் 1948 முதல் 1961 வரை அதிபராயிருந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின் தலைமுறையினர் என்னென்ன எழுதினார்கள் என்று அறிய விழையும் மாணவன், தூசு படிந்த அலுமாரிகளைத் தேடி அலையாமல், வெள்ளவத்தைக்குச் செல்லும் புகையிரதத்தை எதிர்பார்த்து மேடையில் நிற்கும் வேளையிலேயே கைப்பேசியில் தன் தேடலைத் தொடங்கலாம் என்னும் நிலைமை இன்று வந்திருப்பதற்கு, 2005ஆம் ஆண்டு ஆரம்பமான நூலகம் என்னும் எண்ணிம நூலகமே முதன்மையான காரணம். அதனைப் பயன்படுத்துவோர் பலர். அதன் உள்ளமைப்பைக் கவனித்தோர் சிலரே.

அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ ஒன்று வழங்கப்படுகிறது. 5664 என்னும் எண்ணுடைய கோப்பு, 57 என்னும் நூற்றுத் தொகுதியினுள் வைக்கப்பட்டிருக்கும். அவ்வெண்ணுக்கு நூலின் பொருளோடு யாதொரு சம்பந்தமும் இல்லை; அதுவே அதன் விசேஷம். ‘ஸாஹிறா’ என்று ஒருவரும் ‘சாஹிரா’ என்று மற்றொருவரும் எழுதினாலும், பின்னொரு நாள் தலைப்பிலுள்ள பிழை திருத்தப்பட்டாலும், கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆசிரியர், ஆண்டு, பக்கம் முதலிய விவரங்களோ விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் தனிப் பக்கமாக அமைகின்றன. தரவிறக்கும் இணைப்பின் அருகிலேயே கோப்பு எத்தனை மெகாபைட் என்று குறிக்கும் வழக்கத்தை நான் பெரிதும் மெச்சுகிறேன். அளந்து வாங்கிய டேட்டாவில் வாசிப்பவனுக்கு இதைவிட மரியாதை வேறென்ன?

ஆயினும் சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடினால், ஏறக்குறைய 87 இலட்சம் படப்புள்ளிகள், புள்ளிக்கு மூன்று பைட்டாக, 26 மெகாபைட்டை எட்டும். இருநூறு பக்க நூலொன்று ஐந்து கிகாபைட்டைத் தாண்டிவிடும். இதை எந்தக் கைப்பேசி தாங்கும்? ஆகவே ஆவணக் காப்பாளர்கள் சுருக்காத டிஃப் கோப்பை மூலப்பிரதியாகப் பத்திரப்படுத்தி, அதிலிருந்து பிறப்பித்த சிறிய ஜேபெக், பிடிஎஃப் பிரதிகளை மட்டுமே வாசகனுக்கு அளிப்பது மரபு.

ஜேபெக் படங்களைச் சுருக்கும் கணித யுக்தியைக் கண்டவர் பெங்களூரில் பிறந்த நாஸிர் அகமது. 1972இல் அவர் கேட்ட ஆராய்ச்சி நிதி மறுக்கப்பட்டது. எனினும் நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974இல் அதைப் பிரசுரித்தார். எட்டுக்கு எட்டாகப் பிரித்த கட்டங்களில், கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாத நுட்ப வேறுபாடுகளைத் துறந்துவிடுவதே ஜேபெக்கின் உபாயம். முகத்துக்கும் கடலுக்கும் இது பொருந்தும். பழுப்பேறிய தாளில் ஈய அச்சால் பதிந்த தமிழெழுத்துக்கோ ஆபத்து: கூர்மையான கருங்கோட்டைச் சுற்றி நிழல் படரும், அளவு மீறிச் சுருக்கினால் மெய்யெழுத்தின் புள்ளி தாளின் கறையோடு கலந்துவிடும். சுருக்கியதைத் திருத்தித் திரும்பச் சேமிக்குந்தோறும் நஷ்டம் கூடும். இழந்ததை மீட்க மூலப்பிரதியைத் தவிர வேறு வழியில்லை.

ஒலிக்கும் இதே நியாயம். ஒரு மணி நேரப் பேச்சு, குறுந்தட்டின் தரத்தில் சுமார் 635 மெகாபைட். சாதாரண எம்பி3 ஆக்கினால் 58. ஒலி, ஒளிப்படம், ஓலைச்சுவடி ஆகியவற்றுக்கென நூலக நிறுவனம் நடத்தும் ‘ஆவணகம்’ தளம், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் உருவான ஐலண்டோரா என்னும் மென்பொருளைக் கொண்டு இயங்குகிறது. மூலக்கோப்பை ஒப்படைத்தால், காட்சிப் பிரதியையும் சிறுபடத்தையும் அம்மென்பொருள் தானாகவே தயாரித்துக்கொள்ளும்.

அது தானாகச் செய்யாத வேலை ஒன்றுண்டு. கொட்டாஞ்சேனை வீடொன்றின் கல்யாணப் படத்தில் மணமகளின் இடப்புறம் நிற்பவர் யார், படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது என்பதை ஒருவர் கேட்டறிந்து தட்டச்சிட்டாலன்றி, எவ்வளவு துல்லியமாக வருடப்பட்டிருப்பினும், அவர் பெயரைச் சொல்லித் தேடும் பேரனுக்கு அந்தப் படம் அகப்படாது.