அடுப்பும் விளக்கும் விலைவாசியும்

அடுப்பில் தீயும் கூடத்தில் விளக்கும் இல்லாத இல்லம் இல்லை. நம் பாட்டிமார் விறகையும் சுள்ளியையும் கொண்டு அடுப்பெரித்தனர். அன்னையர் மண்ணெண்ணெய் அடுப்பின் திரியைத் தூண்டினர். இன்று எரிவாயு உருளையும் மின்சாரமும் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. எரிபொருள் மாறிய இந்த நெடும்பயணத்தில் மாறாதிருப்பது ஒன்றே: மாதக் கணக்கு எழுதும்போது எழும் பெருமூச்சு. ‘அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு’ என்று மூத்தோர் கூறுவதை நாம் கேட்டு வளர்ந்தோம். அக்கூற்றில் உண்மை எவ்வளவு? விலை ஏறியதா, பணத்தின் மதிப்பு இறங்கியதா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரளவு விலையும் உண்மை விலையும்

ஒரு பொருளின் விலை மட்டும் உயர்வது விலையேற்றம். பெரும்பாலான பொருள்களின் விலைகள் ஒருசேரத் தொடர்ந்து உயர்வது பணவீக்கம். பணவீக்கத்தின்போது உண்மையில் குறைவது ரூபாயின் வாங்கும் ஆற்றலே ஆகும். ஆண்டுக்கு 5 விழுக்காடு பணவீக்கம் நீடித்தால் ஏறத்தாழ 14 ஆண்டுகளில் விலைகள் இரட்டிப்பாகும். 6 விழுக்காடாயின் 12 ஆண்டுகளே போதும்.

எனவே எரிபொருளின் விலையை நாம் இரு கண்களால் நோக்க வேண்டும். இரசீதில் அச்சிட்டிருப்பது பெயரளவு விலை. பொது விலைவாசியோடு ஒப்பிட்டுப் பெறுவது உண்மை விலை. முன்னது ஏறும்போதே பின்னது இறங்குவதும் உண்டு. இவ்வேறுபாட்டை அறியாதவரை விலைவாசி பற்றிய நம் உரையாடல் வெறும் அங்கலாய்ப்பாகவே நின்றுவிடும்.

இவ்வொப்பீட்டுக்குத் துணை செய்வது நுகர்வோர் விலைக் குறியீட்டெண். ஒரு குடும்பம் வாங்கும் பொருள்களை ஒரு கூடையில் இட்டதாகக் கொண்டு, அக்கூடையின் விலை மாதந்தோறும் எவ்வாறு மாறுகிறது என்பதை இது காட்டும். 2012ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு இந்தியாவில் வகுக்கப்பட்ட குறியீட்டெண்ணில், ‘எரிபொருளும் ஒளியும்’ என்னும் பிரிவுக்கு 6.84 விழுக்காடு எடை அளிக்கப்பட்டது. அதிலும் நகரத்துக்கு 5.58, கிராமத்துக்கு 7.94. வருவாய் குறைந்த கிராமத்து இல்லமே தன் செலவில் மிகுதியான பங்கை அடுப்புக்கும் விளக்குக்கும் தருகிறது என்பதை இவ்வெண்கள் புலப்படுத்துகின்றன.

துள்ளி ஏறும் எரிவாயு

எரிபொருள் விலைகள் பொது விலைவாசியோடு கைகோத்து நடப்பவை அல்ல. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் 1974இன் தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. சில மாதங்களில் நான்கு மடங்கு! எங்கோ மூண்ட போர் நம் ஊர் அடுப்பைச் சுட்டது.

அண்மைக் காலச் சான்று ஒன்றைக் காண்போம். சென்னையில் 14.2 கிலோ எடையுள்ள வீட்டு உபயோக எரிவாயு உருளை 2021 சனவரியில் 710 ரூபாய். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. அதே ஆண்டு சூலையில் டாலரின் மதிப்பு 80 ரூபாயைத் தாண்டியது. எரிவாயுவில் பெரும்பகுதியை நாம் இறக்குமதி செய்வதால் உலகச் சந்தை, நாணய மாற்று ஆகிய இரு சுமைகளும் ஒருங்கே நம்மீது விழுந்தன. 2023 மார்ச்சில் உருளையின் விலை 1,118.50 ரூபாய் ஆயிற்று. அஃதாவது 57 விழுக்காட்டுக்கு மேற்பட்ட உயர்வு. அதே காலத்தில் பொது விலைவாசி ஏறத்தாழ 13 விழுக்காடே உயர்ந்தது. விலைவாசிக்கு ஏற்ப மட்டும் உயர்ந்திருந்தால் உருளை 805 ரூபாய் அளவில் நின்றிருக்கும். எஞ்சிய 313 ரூபாய் பணவீக்கத்தால் வந்ததன்று. அது மெய்யான விலையேற்றம்.

பின்னர் 2023 ஆகஸ்டு இறுதியில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் உயர்த்தப்பட்டு விலை 868.50 ஆயிற்று. 2021 சனவரியோடு ஒப்பிட்டால் இது 22 விழுக்காடு உயர்வு. அந்நான்கு ஆண்டுகளில் பொது விலைவாசியோ ஏறத்தாழ 23 விழுக்காடு உயர்ந்திருந்தது. வியப்பன்றோ! பெயரளவில் 158.50 ரூபாய் கூடியிருந்தும், உண்மை விலை புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது.

ஆயினும் இதைக் கொண்டு ‘எவருக்கும் இழப்பில்லை’ என முடிவுகட்டுதல் தவறு. விலை உச்சத்தில் நின்ற மாதங்களில் நாட்கூலி பெறுவோரின் ஊதியம் உடன் ஏறவில்லை எனில், அந்த இடைவெளியை அக்குடும்பம் உணவைக் குறைத்தோ கடன் வாங்கியோதான் நிரப்பியிருக்கும். குறியீட்டெண் சராசரியைச் சொல்லும். ஒரு வீட்டின் வருத்தத்தைச் சொல்லாது.

படியேறும் மின்கட்டணம்

மின்கட்டணத்தின் போக்கு வேறு. அது சந்தையால் நாள்தோறும் அசைவதில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணையால் மாறுவது. தமிழ்நாட்டில் 2014 டிசம்பருக்குப் பின் 2022 செப்டம்பர் வரை பொதுவான கட்டண உயர்வு இல்லை. ஆண்டுக்கு 5 விழுக்காடு பணவீக்கம் எனக் கொண்டால், எட்டாண்டுகள் அசையாது நின்ற கட்டணம் உண்மை மதிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். நுகர்வோர்க்கு அது நன்மையாகத் தோன்றும். நிலக்கரிக்கும் ஊதியத்துக்கும் வட்டிக்கும் ஆகும் செலவோ நிற்பதில்லை. மின் நிறுவனத்தின் கடன் ஒரு இலட்சம் கோடி ரூபாயைக் கடந்தது. தேக்கிய வெள்ளம் ஒருநாள் கரை உடைத்தே தீரும். 2022 செப்டம்பர் 10 அன்று கட்டணம் ஒரே வீச்சில் உயர்ந்தது.

அந்த ஆணையிலேயே ஒரு புதிய விதியும் இடம்பெற்றது. 2026-27 வரை ஆண்டுதோறும் சூலைத் திங்களில், நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் உயர்வு அல்லது 6 விழுக்காடு, இவற்றுள் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் உயரும் என்பது அவ்விதி. இவ்வாறு மின்கட்டணம் பணவீக்கத்தோடு நேராகப் பிணைக்கப்பட்டது. 2023இல் 2.18 விழுக்காடு, வீடுகளுக்கான அவ்வுயர்வை மாநில அரசே ஏற்றது. 2024இல் 4.83 விழுக்காடு. 2025இல் 3.16 விழுக்காடு, அதுவும் வீடுகள்மேல் சுமத்தப்படவில்லை. தொடக்கநிலைக் கட்டணம் யூனிட்டுக்கு 4.50 ரூபாயிலிருந்து 4.60 ஆகி, 2024இல் 4.80 ஆயிற்று.

சிறு சிறு படிகளாக ஏறுவது திடீர்ச் சுமையைத் தவிர்க்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. வெங்காயமும் தக்காளியும் விலையேறினாலும் குறியீட்டெண் உயரும்; அதன் வழியே மின்கட்டணமும் உயரும். உயர்ந்த மின்கட்டணம் மாவு அரைவையிலும் தையற்கடையிலும் புகுந்து, மீண்டும் விலைவாசியைத் தொடும். இவ்வெதிரொலி சிறிதே எனினும் மறக்கத்தக்கதன்று.

மானியத்தின் இரு வடிவங்கள்

மானியம் எவ்வடிவில் தரப்படுகிறது என்பதும் கருதத்தக்கது. 2016இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் விலையின்றி அறிவிக்கப்பட்டது. இஃது அளவால் தரும் மானியம். யூனிட்டுக்கு 4.50 எனில் அதன் மதிப்பு 450 ரூபாய், 4.80 எனில் 480. விலை ஏற ஏற மானியமும் தானே வளர்கிறது.

இதற்கு மாறாக, உஜ்வலா திட்டப் பயனாளிகளுக்கு 2022 மே மாதத்தில் உருளைக்கு 200 ரூபாயும், 2023 அக்டோபரில் 300 ரூபாயும் என மானியம் அறிவிக்கப்பட்டது. இது ரூபாயால் தரும் மானியம். அரசு முனைந்து உயர்த்தினாலன்றி இது தானே வளராது. 5 விழுக்காடு பணவீக்கத்தில் 14 ஆண்டுகளுக்குப் பின் அந்த 300 ரூபாய்க்கு இன்றைய 150 ரூபாயின் ஆற்றலே இருக்கும். ஏழையின் கையில் தந்த பொருளை ஓசையின்றி அரித்தெடுப்பது பணவீக்கம். ஓய்வூதியமும் கல்வி உதவித்தொகையும் இவ்வாறே தேய்வதை நம்மிற் பலர் அறிவோம்.

நாம் செய்யத்தக்கது

மாணவ நண்பர்களே! உங்கள் இல்லத்தின் பழைய மின்கட்டண அட்டைகளையும் எரிவாயு இரசீதுகளையும் தேடி எடுங்கள். ஆண்டு, விலை, குறியீட்டெண், குடும்ப வருவாய் என நான்கு பத்திகள் வரைந்து நிரப்புங்கள். எரிபொருள் விலை முந்தியதா, வருவாய் முந்தியதா என்பது தானே விளங்கும். நூலில் கற்ற பொருளியல் வீட்டுக்குள் நுழைவது அப்போதுதான்.

பெரியோர் கூறும் ‘அந்தக் காலத்து மலிவு’ முழுவதும் பொய்யன்று; முழுவதும் மெய்யுமன்று. அன்று விலை குறைவு, வருவாயும் குறைவு. ஓர் இல்லத்தின் நலத்தை விலையின் உயரத்தைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. ஒரு நாள் உழைப்பில் எத்தனை நாள் அடுப்பெரியும், எத்தனை இரவு பிள்ளைகள் விளக்கடியில் படிக்கலாம் என்பதே சரியான அளவுகோல். அவ்வளவுகோலைக் கையில் ஏந்தி வினவும் தலைமுறையாக நாம் வளர்வோமாக!