கரை கட்ட எதிர்க்கரையின் சம்மதம் வேண்டும்!

உங்கள் வயலின் ஒரு பக்கம் ஆறு. ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் வடியும்போது ஒரு வரப்பு ஆற்றில் விழுகிறது. கல் கொட்டிக் கரையைக் கட்ட அரசு பணமும் ஒதுக்கிவிட்டது. முதல் லாரி கல் இறங்கிய அன்றே எதிர்க்கரையில் துப்பாக்கியோடு சிலர் வந்து நின்று, வேலையை நிறுத்தச் சொல்கிறார்கள். ஏனென்றால், அந்த ஆறுதான் நாட்டின் எல்லை.

இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையே உள்ள 4,096 கி.மீ. எல்லையில் பல இடங்களில் விவசாயிகளின் நிலைமை இதுதான். அசாமில் குஷியாரா, திரிபுராவில் முகுரி, மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தில் பத்மா என்று ஆற்றின் பெயர்தான் மாறும். இந்தப் பக்கம் எல்லைப் பாதுகாப்புப் படை (பி.எஸ்.எஃப்.), அந்தப் பக்கம் வங்கதேச எல்லைக் காவல் படை (பி.ஜி.பி.). ஒருவர் கல்லை இறக்கினால் மற்றவர் ஆட்சேபிப்பார். இருதரப்பு அதிகாரிகளும் கொடியோடு சந்தித்துப் பேசுவார்கள். பேச்சு முடியும்வரை கூலியாட்கள் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

150 கஜக் கணக்கு

1975-இல் இரு நாடுகளும் எல்லைப் படைகளுக்கு வழிகாட்டு விதிகளை வகுத்தன. எல்லைக் கோட்டிலிருந்து இருபுறமும் 150 கஜத்துக்குள், அதாவது சுமார் 137 மீட்டருக்குள், பாதுகாப்புக் கட்டுமானம் எதுவும் கூடாது என்பது அதில் ஒன்று. பதுங்குகுழிகளை மனதில் வைத்து எழுதிய விதி இது. ஆனால் ஆற்றங்கரை பல இடங்களில் அந்த 150 கஜத்துக்குள்தானே இருக்கும்? உயரமான மண்கரை ஒரு படைக்கு வெள்ளத் தடுப்பாகத் தெரிகிறது. எதிரே நிற்கும் படைக்கோ, ஆள் மறைந்து நிற்கத் தோதான மேடாகத் தெரிகிறது.

இதை எல்லைப் படைகளின் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆற்றுக்குள் நீட்டிக் கட்டும் கல் திண்டு நீரோட்டத்தைத் தள்ளிவிடும். தள்ளிய நீர் எதிர்க்கரையில் போய் மோதும். ஒரு கரையை மட்டும் உயர்த்தினால், வெள்ளம் தாழ்ந்த கரைப் பக்கம்தான் வழியும். 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மனு ஆற்றின் மறுகரையில் வங்கதேசம் மண்கரை எழுப்பியபோது, கைலாஷஹர் நகரம் மூழ்கிவிடும் என்று திரிபுரா சட்டமன்றத்தில் குரல் எழுந்தது. இந்தியா கரை கட்டும்போது வங்கதேச விவசாயிக்கு வருவதும் அதே பயம்தான். கரைச் சரிவில் கல் பாவினால் இந்தத் தள்ளல் மிகவும் குறைவு. எந்த வகை வேலை என்பதை வரைபடத்தோடு முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி ஆட்சேபம் எழாது என்றே தோன்றுகிறது.

வெள்ளம் வடிந்த பிறகுதான் ஆபத்து

இந்தச் சமவெளிக் கரைகளில் பல இடங்களில் மேலே வண்டல் களி, அடியில் மெல்லிய மணல். ஆற்றின் வெளிவளைவில் நீர் அடிமணலை அரித்துச் செல்ல, மேல்மண் அந்தரத்தில் தொங்கிப் பாளம் பாளமாகச் சரியும். வெள்ளம் நிறைந்து ஓடும்போது அந்த நீரே கரையைத் தாங்கிப் பிடித்திருக்கும். நீர் சட்டென்று இறங்கினால், ஈரம் ஊறிய கரைக்கு அந்தத் தாங்கல் போய்விடும். அதனால்தான் “மழை ஓய்ந்தது” என்று மூச்சுவிடும் செப்டம்பர், அக்டோபரிலும் நிலம் போகிறது. உங்கள் நிலம் ஆற்றுப் படுகையை ஒட்டி இருந்தால் இதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆகவே கல்லைக் கரையின் அடிக்காலிலிருந்து அடுக்கிக்கொண்டு வர வேண்டும். அடிக்கால் கண்ணுக்குத் தெரிவது கோடையை ஒட்டிய சில மாதங்கள்தான். ஆட்சேபம், சந்திப்பு, கூட்டு அளவீடு, டெல்லிக்கும் டாக்காவுக்கும் கோப்பு என்று அந்த மாதங்கள் கழிந்துவிட்டால், பிறகு வெள்ளத்தில் அவசரமாகப் போடும் மணல் மூட்டைகள் ஆற்றில் கரைத்த புளிதான்.

ஒப்பந்தமே சொன்னது

திரிபுராவின் பெலோனியாவை ஒட்டி ஓடும் முகுரி ஆற்றில் ஒதுங்கிய மணல்திட்டு யாருக்குச் சொந்தம் என்ற தகராறு, 1970-களின் இறுதியில் துப்பாக்கிச் சூடு வரை போனது. இத்தனைக்கும், 1974-ஆம் ஆண்டு நில எல்லை ஒப்பந்தம் இந்த ஆற்றைப் பெயர் சொல்லியே பேசியிருந்தது: எல்லை நிலையானதாக இருக்கும், ஆறு இப்போதைய போக்கிலேயே ஓடும்படி இரு அரசுகளும் தத்தம் பக்கம் கரை எழுப்ப வேண்டும். 2011-இல் கையெழுத்தான கூடுதல் உடன்பாடும் இதையே திரும்பச் சொன்னது. ஒப்பந்தப்படி செய்ய வேண்டிய வேலைக்கே தடை சொல்லிக்கொண்டிருப்பது விந்தைதான். 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் திரிபுராவும் எதிரே உள்ள ஃபெனி மாவட்டமும் சேர்ந்தே மூழ்கின.

‘நிலையான எல்லை’ என்பதை ஒரு விவசாயியாக யோசித்துப் பாருங்கள். ஆறு உங்கள் பக்கம் நகர்கிறது, கோடு நகர்வதில்லை. உங்கள் மண் எதிர்க்கரையோடு ஒட்டிய திட்டாகிவிடுகிறது. காகிதத்தில் அது இந்திய நிலம். உழ வேண்டுமானால் ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும்.

குஷியாராவில் தகராறு பாசன நீருக்காக. வங்கதேசத்தின் ஜகிகஞ்ச் பகுதியில் ரஹீம்பூர் வாய்க்காலின் தலைப்பு எல்லைக்கு அருகே இருந்ததால், அதைத் திறக்க இந்தியப் படை ஆட்சேபித்தது. வாய்க்கால் இருந்தும் போரோ பருவ நெல்லுக்கு ஆற்றுநீர் கிடைக்கவில்லை. 2022 செப்டம்பரில், வறண்ட மாதங்களில் குஷியாராவிலிருந்து இரு தரப்பும் தலா 153 கன அடி வரை எடுத்துக்கொள்ளலாம் என்று உடன்பாடு ஆனது. 1972-இல் அமைந்த கூட்டு ஆறுகள் ஆணையத்தின் மேசையில் இதுபோலக் கரை வேலைகளுக்கும் ஊர்வாரியாக ஒரு பட்டியல் போட்டு, எதிரெதிர்க் கரைகளில் ஒரே கோடையில் வேலையைத் தொடங்கினால் யாருக்கு என்ன நட்டம்?

முர்ஷிதாபாத்தின் ஜலங்கி பகுதியில், எல்லைச் சாவடியில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுத்தான் விவசாயிகள் பத்மா திட்டுகளில் உழப் போகிறார்கள். வெள்ளம் வடிந்த ஈர வண்டலில் உளுந்தை வீசி விதைப்பது அங்கே வழக்கம். உழவு, உரச் செலவு அதிகம் இல்லை. சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். அடுத்த வெள்ளத்துக்குள் அறுத்துவிடலாம்.