காலடியில் ஒரு குடாவின் பெயர்

சிட்னி நகரின் ஒப்பெரா மாளிகையைக் கண்டு களித்தோர் நீரோரமாகக் கிழக்கு நோக்கிச் சிறிது தூரம் நடப்பாராயின், அரச தாவரவியற் பூங்காவின் விளிம்பில் ஓர் அழகிய குடாவை அடைவர். வரைபடங்கள் அதனைப் 'பாம் கோவ்', அதாவது பண்ணைக் குடா என்று குறிக்கின்றன. 1788ஆம் ஆண்டில் வந்திறங்கிய ஆங்கிலேயர் தமது முதற் பண்ணையை இங்கேதான் அமைத்தனர். மண் வளமற்றது, விளைச்சல் பொய்த்தது. பண்ணை போயிற்று, பெயர் நிலைத்துவிட்டது.

அதற்கு முன்னரே அக்குடாவுக்கு ஆதிக்குடிகள் இட்ட பெயர் ஒன்றிருந்தது: வுகன்மகுல்யா. அப்பெயரையே பூண்டு, கரையோர நடைபாதையிற் பதிந்து கிடக்கின்றது பிரெண்டா குரொப்ட் என்னும் கலைஞரின் படைப்பு. ஒலிம்பிக் விழா நடந்த 2000ஆம் ஆண்டில் நிறைவெய்திய இதற்குப் பீடமுமில்லை, வேலியுமில்லை. நிறமூட்டிய கொங்கிறீற்றிலே முன்னோர் உருவங்களும் உயிரினங்களும் கோட்டுருவாகக் கீறப்பட்டுள்ளன. குலங்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்தை மிதித்தல் தகாதென்று வளர்ந்த நம்மவர் கால்கள் அங்கே சற்றுத் தயங்கவே செய்யும்.

சிட்னிப் பிரதேசத்து மணற்பாறைகளிற் காணப்படும் பழஞ்செதுக்கல்களே இவ்வுருவங்களுக்கு மூலம். பாறையில் வரிசையாகக் குழிகள் தட்டி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துத் தவாளிப்பாக்குவது அம்மக்களின் முறை. கொங்கிறீற்று பாறையாகாது, அது உண்மையே. ஆயினும் இவ்விடத்தைத் தேர்ந்ததில் ஒரு நியாயமுண்டு.

1789இற் பெரியம்மை பரவி, துறைமுகத்தைச் சூழ வாழ்ந்த ஆதிக்குடிகளுட் பெருந்தொகையினரைக் கொண்டுபோயிற்று. அதற்கு ஆறு ஆண்டுகளின் பின், 1795இல், எஞ்சியோர் இக்குடாவிலே கூடித் தம் சிறுவரை ஆடவராக்கும் சடங்கை நடத்தினர். துறைமுகத்தின் வடகரையிலிருந்து கமரகல் குலத்தார் வந்து சேர்ந்தனர். ஒவ்வொரு சிறுவனுக்கும் மேல்வாய் முன்பல்லொன்று தட்டி எடுக்கப்பட்டது. குடியேற்றத்தின் நீதி அதிகாரியான டேவிட் கொலின்ஸ் அதனை நேரிற் கண்டு, 1798இல் வெளியான தமது நூலில் விரிவாக எழுதிவைத்தார். நிலத்தைப் பறித்தோரின் கண்முன்னே, பண்ணையின் பெயர் சூடிய கரையிலே அச்சடங்கு நடந்ததென்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

குரொப்ட் இம்மண்ணுக்குரியவரல்லர், வட பிரதேசத்துக் குரிஞ்சி மக்களின் வழிவந்தவர். அவருடைய தந்தை, சிறுபிராயத்திலே அரச கொள்கையினால் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவர். ஆகவே தம் குலத்துச் சின்னங்களை அவர் இங்கு கொண்டுவந்து இறக்கவில்லை. இக்கரையின் உருவங்களையும் இக்கரையின் பெயர்களையுமே பாதையில் வைத்தார்.