ஓயா வலியும் அன்றாட உணவும்

வலியைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, விறைப்பு என அவை விரியும். குத்தல் ஓரிடத்தில் நிற்கும். குடைச்சல் எலும்பினுள்ளே சுழலும். உளைச்சல் இரவு முழுதும் ஓயாது. இவையனைத்தையும் ஒருசேர உணர்பவர், ‘உடம்பை அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது’ என்பர். அறந்தாங்கியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் அன்றாடம் காதில் விழும் இத்தொடர், ஒரு நோயின் இலக்கணத்தையே சொல்லிவிடுகிறது. அந்நோய் ஃபைப்ரோமையால்ஜியா என மருத்துவ நூல்களில் வழங்கப்பெறுகிறது.

இக்கட்டுரையாளரும் அந்நோயுடன் சில ஆண்டுகளாக வாழ்ந்து வருபவரே. மருத்துவரிடம் கேட்டும் நூல்வழிப் பயின்றும் அறிந்தவற்றை, குறிப்பாக உணவு பற்றியவற்றை, மாணவர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இங்கு நோக்கமாகும்.

பெயரும் வரலாறும்

ஃபைப்ரோமையால்ஜியா என்பது மூன்று சொற்களின் கூட்டு. முதற்சொல் இலத்தீன் மொழியில் நாரையும், ஏனைய இரண்டும் கிரேக்க மொழியில் தசையையும் வலியையும் குறிக்கும். ‘நார்த்தசைவலி’ எனத் தமிழில் வழங்கலாம்.

1904-ஆம் ஆண்டில் ஆங்கிலேய மருத்துவர் கோவர்ஸ், இத்தகைய வலிக்கு நாரழற்சி எனப் பொருள்படும் பெயரொன்றைச் சூட்டினார். பின்னாளில் தசையை ஆராய்ந்தோர் அங்கு அழற்சி ஏதும் காணவில்லை. எனவே, வலியை மட்டுமே குறிக்கும் இன்றைய பெயரை 1976-இல் ஹென்ச் என்னும் அமெரிக்க மருத்துவர் வழங்கினார். இன்றைய வங்காளதேசப் பகுதியிற் பிறந்து அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பணியாற்றிய மருத்துவர் முகம்மது யூனுஸ், 1981-இல் நோயாளிகளை நலமுடையோருடன் ஒப்பிட்டு நோயின் குறிகளை முறைப்படுத்தினார். 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி, உடலின் 18 புள்ளிகளை அழுத்திப் பார்த்து அவற்றுள் 11-இல் வலித்தால் இந்நோய் எனக் கொள்ளலாம் என வரையறுத்தது. 2010-இல் அவ்விதி மாற்றப்பெற்றது. வலி பரவிய இடங்களோடு களைப்பு, உறக்கக் குறை, நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றையும் கணக்கிடும் முறை வந்தது.

நோயின் இயல்பு

மூன்று திங்களுக்கு மேல் உடலின் பல பகுதிகளிலும் நீடிக்கும் வலி, உறங்கி எழுந்தும் நீங்காத களைப்பு, தெளிவின்றி மங்கும் நினைவு ஆகியன இந்நோயின் முதன்மைக் குறிகள். உலக மக்களுள் நூற்றுக்கு இருவர் முதல் நால்வர்க்கு இஃது இருக்கலாம் என்பது மருத்துவ நூல்கள் தரும் மதிப்பீடு. அவருட் பெண்களே மிகுதி. குருதிச் சோதனையும் எக்ஸ்ரே படமும் எக்குறையையும் காட்டா.

காரணம் யாது? மூட்டிலோ தசையிலோ கேடு இல்லை. வலியை உணர்த்தும் நரம்பு மண்டலத்தில்தான் மாறுதல். ஒலிபெருக்கியின் விசையை எவரோ முழுவதும் திருகி வைத்துவிட்டால், மெல்லப் பேசும் பேச்சும் செவியைப் பிளக்குமன்றோ? அதுபோலத் தண்டுவடமும் மூளையும் சிறு தொடுதலையும் பெருவலியாகப் பெருக்கிக் காட்டுகின்றன. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் கிரேஸ்லியும் அவர்தம் குழுவினரும், நோயாளர் பதினறுவர், நலமுடையோர் பதினறுவர் ஆகியோரின் கட்டைவிரல் நகத்தின்மேல் ஒரே அளவு அழுத்தம் தந்து மூளையைப் படம் பிடித்தனர். நோயாளரின் மூளையில் வலி உணரும் பகுதிகள் மிகுதியாகக் கிளர்ந்தன. இவ்வலி கற்பனையன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2006-இல் தமிழகமெங்கும் சிக்குன்குனியா பரவியதை நம் பெரியோர் மறந்திரார். காய்ச்சல் சில நாளில் விட்டது. வலியோ பலரைப் பல திங்கள் விடவில்லை. அவ்வாறு நச்சுயிரிக் காய்ச்சலுக்குப் பின்னரும், விபத்து, பேரிழப்பு, நெடுநாள் மனவழுத்தம் ஆகியவற்றுக்குப் பின்னரும் இந்நோய் சிலரிடம் தலைகாட்டுவதுண்டு.

சோம்பல் என்னும் பழி

சோதனையில் ஒன்றும் தெரியாமையால் வருவது ஒரு பழி. வைகறைத் தொழுகைக்கு முன்னெழுந்து, பசியாறலுக்கு இடியாப்பம் பிழிந்து, துணி துவைத்து, இரவில் அடுக்களை கழுவி முடிக்கும்வரை ஓயாத பெண்ணொருத்தி, ஒரு நாள் ‘இயலவில்லை’ எனப் படுத்தால், ‘எல்லாச் சோதனையும் நன்றாகத்தானே இருக்கிறது’ என்பர் வீட்டார். கரும்பலகையில் பத்து வரி எழுதியதும் ஆசிரியரின் கை தானே இறங்கினால், ‘வயதாகிவிட்டது’ எனப் பகடி பேசுவர் உடன் பணிபுரிவோர். நோயினும் கொடிது இந்த நம்பாமை.

நம்பாமை செலவையும் கூட்டுகிறது. தஞ்சை, திருச்சி, மதுரை என ஊர் ஊராகச் சென்று படங்கள் எடுத்து, இறுதியில் பெயரும் சேர்மானமும் எழுதப்படாத பொடிப் பொட்டலங்களை நாடுவோர் உளர். இத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. மூன்றே நாளில் வலி பறந்துவிடும். பின்னர் முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு நொறுங்கும். விரைந்து தரும் சுகத்தை ஐயுறுதலே அறிவுடைமை.

உணவால் தீருமா?

இந்நோயைத் தீர்க்கும் உணவென ஒன்று இதுவரை நிறுவப்பெறவில்லை. ஃபின்லாந்து நாட்டில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், மூன்று திங்கள் சமைக்காத தாவர உணவு உண்டோர்க்கு வலி குறைந்ததாகக் கண்டனர். ஆனால், ஆய்விற் பங்கேற்றோர் சிலரே, காலமும் சிறிது. இதுபோன்ற சிற்றாய்வுகளைக் கொண்டு பெருமுடிவு கட்டுதல் ஆகாது.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கும் என்பர். 1998-இல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியினர், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் சத்தாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்து, குருதியில் அது சேரும் அளவு இருபது மடங்கு கூடுவதைக் கண்டனர். மிளகும் மஞ்சளும் கூட்டிய நம் பாட்டியரின் சமையலுக்கு இஃது ஒரு பெருமையே. ஆயினும் கணக்கு வேறொன்று சொல்கிறது. மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. 2 கிராம் பெற வேண்டின் ஏறத்தாழ 65 கிராம் மஞ்சள் வேண்டும். ஒரு சட்டி ஆணத்திற்கு நாம் இடுவதோ ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய 3 கிராம். அதனையும் ஐவர் பகிர்ந்துண்கிறோம். ஆதலின் மஞ்சள் நல்லுணவு. அதனை இந்நோய்க்கு மருந்தெனக் கொள்ளுதல் பொருந்தாது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் பத்துக் குறட்பாக்களுள் ஆறு, உண்ணும் முறையையே பேசுகின்றன. உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், ஒவ்வாதது நீக்கி, அளவோடு உண்க என்பதே அவற்றின் சாரம். எந்த ஒரு பண்டத்தையும் வள்ளுவர் அங்கு மருந்தெனப் பெயர் சுட்டவில்லை என்பது எண்ணத்தக்கது.

அடுக்களை தரும் துணை

தீர்க்காவிடினும் உணவு துணை நிற்கும். அத்துணையைப் பின்வருமாறு பகுத்துக் காணலாம்.

முதலாவது, வீண் பத்தியம் தவிர்த்தல். வலி என்றதும் ‘வாயு’ எனக் கருதிப் பருப்பு, கிழங்கு, முட்டை, தயிர், கீரை என ஒவ்வொன்றாய் விலக்கி, இறுதியில் இரசஞ்சோற்றோடு நின்றுவிடுவோர் பலர். புரதம் குறைந்தால் தசை நலியும். நலிந்த தசை மேலும் வலிக்கும். உடலெடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டுமென 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்துள்ளது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 42 கிராம் அளவாகும். ஒரு முட்டையில் 6 கிராமும், 100 கிராம் பருப்பில் 22 கிராம் அளவும் உண்டு.

இரண்டாவது, குருதிச் சோகையை நீக்கல். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் சோகையுற்றவர். களைப்பின்மேற் களைப்பைச் சேர்ப்பது இதுவே. முருங்கைக்கீரை, கேழ்வரகு, ஆட்டு ஈரல் ஆகியன இரும்புச்சத்து உடையன. நெல்லிக்காயும் எலுமிச்சையும் அச்சத்தினை உடலிற் சேர்ப்பிக்கும். உண்டவுடன் பருகும் தேநீரோ அதனைத் தடுக்கும். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுதல் நன்று.

மூன்றாவது, வைட்டமின் டி. இது குறைந்தாலும் எலும்பும் தசையும் இந்நோயைப் போலவே வலிக்கும். மருத்துவர் சோதித்துப் பார்ப்பது இதனால்தான். பெரும்பொழுதை வீட்டினுள்ளே கழிக்கும் பெண்களிடம் இக்குறை மிகுதி. முற்பகல் பத்து மணிக்குமேல் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ சிறிது நேரம் கையிலும் முகத்திலும் வெயில் படச் செய்தல் நலம். கட்டுமாவடி, மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் ஆகிய கரைகளை அடுத்து வாழும் நமக்கு மத்தி மீன் எளிதிற் கிடைப்பது. விலை மலிந்த அம்மீனில் இச்சத்துடன் நற்கொழுப்பும் உண்டு. பொரிப்பதைவிட ஆணமாகச் சமைத்தல் சிறப்பு. சோதனையில் குறைவு மிகுதியாயின், மருத்துவர் சொல்லும் அளவிலேயே மாத்திரை உண்ண வேண்டும்.

நான்காவது, உறக்கத்தைக் கெடுக்காத உணவு. நலமுடையோரின் ஆழ்ந்த உறக்கத்தைச் சில இரவுகள் தடுத்தபோது, அவர்க்கும் தசைவலி தோன்றியதைக் கனடா நாட்டு மருத்துவர் மோல்டாஃப்ஸ்கி 1975-இல் காட்டினார். மாலை நான்கு மணிக்குமேல் தேநீர், காப்பி தவிர்த்தலும், இரவுணவை முன்னதாக எளிமையாக முடித்தலும் இதனால் பொருளுடையன ஆகின்றன. ‘சுக்குக் காப்பி’யில் காப்பித்தூள் இராதவரை மாலையிலும் பருகலாம்.

ஐந்தாவது, தன்னையே சோதித்தல். ஒருவர்க்கு ஒவ்வாதது மற்றவர்க்கு ஒத்துப்போகும். ஐயமுள்ள பண்டம் ஒன்றை மட்டும் இரு வாரம் நிறுத்தி, வலியையும் உறக்கத்தையும் குறிப்பேட்டில் எழுதி, மீண்டும் உண்டு பார்க்கலாம். வேறுபாடு இல்லையேல் அதனை விலக்க வேண்டுவதில்லை.

நோன்புக் காலம்

ரமலான் திங்களில் பகற்பசியைக் காட்டிலும் இந்நோயாளரை வாட்டுவது உறக்கம் குலைதலே. சஹருக்கு எழ வேண்டியவர் இரவு முன்னதாக உறங்கவும், பகலில் சிறிது ஓய்வு கொள்ளவும் வீட்டார் இடந்தருதல் வேண்டும். நோன்புக் கஞ்சி, பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் கூடிய மெல்லுணவு. நீரும் உப்பும் புரதமும் ஒருங்கே தருவது. உடன்வரும் எண்ணெய்ப் பலகாரத்திலேயே அளவு தேவை. மருந்துண்ணும் வேளையை மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே மாற்றியமைத்துக்கொள்ளலாம். நோயுற்றோர்க்குத் திருமறை தந்துள்ள சலுகையை நாம் அனைவரும் அறிவோம். வெளியே தெரியாத நோயும் நோயே என்பதை மனங்கொண்டு, உரியவர் மார்க்க அறிஞரிடம் விளக்கம் பெறலாம்.

உணவுக்கு அப்பால்

2017-இல் ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பு வெளியிட்ட பரிந்துரைகளுள், ஐயமின்றி வலியுறுத்தப்பெற்றது உடற்பயிற்சி ஒன்றே. வலிக்கும் உடலை அசைப்பதா என மலைக்க வேண்டா. நாளுக்கு ஐந்து நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் முடித்துவிட முனைவோர் மறுநாள் எழ இயலாது போவர். அளவறிதல் உழைப்புக்கும் உரியது. அமிட்ரிப்டிலின், பிரிகாபலின், டுலாக்சிடின் முதலிய மருந்துகள் சிலர்க்குப் பயன் தருவன. அவற்றைத் தேர்வது மருத்துவரே. கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரைகள் இந்நோய்க்குப் பெரிதும் பயன்படா. வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுப்பன.

புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் வாதநோய்க்கெனத் தனித்துறையே உண்டு. தைராய்டு, சோகை, வைட்டமின் குறை, முடக்குவாதம் ஆகியன இல்லையென அறிந்தபின், மருத்துவர் நோயின் பெயரைச் சொல்வார். அங்குச் செல்வோர் ‘வலிக்கிறது’ என்பதோடு நில்லாமல், குத்தலா, குடைச்சலா, உளைச்சலா, எரிச்சலா எனத் தமிழ் தந்த சொற்களால் பிரித்துரைத்தல் மருத்துவர்க்குப் பெருந்துணையாகும்.

முடிவுரை

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்னும் நான்கும் கூடியதே மருத்துவம் என ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறட்பா உரைக்கிறது. முதல் மூன்றும் இன்று பணத்தாலும் பேருந்தாலும் எட்டக்கூடியன. நான்காவது வீட்டில்தான் கிடைக்கும். நல்லுணவைச் சமைக்கும் உழைப்பு முழுவதும் வலியுற்ற பெண்ணின் தோளிலேயே விழுமாயின், அவ்வுணவு தரும் பயன் அச்சமையலிலேயே கரைந்துபோம். மாவு பிசைய மகனும், மீன் அரிய கணவரும், பாத்திரம் துலக்க மற்றவரும் கைகொடுக்கும் இல்லத்தில், முருங்கைக்கீரையும் மத்தி ஆணமும் உண்மையாகவே உடலில் ஒட்டும். ‘உனக்கு வலிக்கிறது என்பதை நம்புகிறேன்’ என்னும் ஒரு சொல்லை ஒவ்வோர் இல்லத்து மூத்தோரும் முதலிற் சொல்வாராக.