கொல்லைப்புறக் கொட்டகை கற்றுத்தந்த கணக்கு

புனே நகரின் புறப்பகுதியில் அமைந்துள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில் சிறியதொரு கொல்லை உண்டு. ஏணி, மண்வெட்டி, பழைய மிதிவண்டி, விசேஷ நாள்களில் மட்டும் வெளிவரும் பெரிய பாத்திரங்கள் என வீட்டுக்குள் இடம் கிடைக்காத யாவும் அங்கே ஒரு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. எட்டடி நீளம், ஆறடி அகலத்தில் ஒரு கொட்டகை போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று முடிவு செய்தோம். இவ்வூரில் அதனைப் ‘பத்ரா ஷெட்’ என்பார்கள். பத்ரா என்றால் தகரம்.

இரும்புக் குழாய்களால் ஒரு கூடு, அதன்மேல் வண்ணத் தகடு, ஒரு கதவு, ஒரு பூட்டு. நான்கைந்து நாள் வேலை. இவ்வளவு சிறிய பணிக்கு எழுத்தும் கணக்கும் எதற்கு என்று எண்ணினோம். அந்த எண்ணத்துக்கு நாங்கள் கொடுத்த விலையையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் முயற்சி

தெரிந்தவர் ஒருவர் வழியாக வெல்டிங் வேலை செய்பவர் ஒருவர் வந்தார். இடத்தைக் காலடியால் அளந்தார். மொத்தம் 36,000 ரூபாய் ஆகும் என்றும், பொருள் வாங்க 25,000 ரூபாய் முன்பணம் வேண்டும் என்றும் கூறினார். ரொக்கமாகவே கொடுத்தோம். ரசீது கேட்கவில்லை, கேட்பது அவரை அவமதிப்பதாகும் என்று தயங்கினோம்.

மூன்று நாள்களில் நான்கு கால்களும் நின்றன. கூரைத் தகடும் ஏறியது. சுவர்த் தகடும் கதவும் அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. தொலைபேசியில் முதலில் காரணங்கள் வந்தன. பிறகு மணி மட்டும் ஒலித்தது. அதன்பின் அதுவும் இல்லை.

கூரைதான் இருக்கிறதே என்று, வீட்டில் வெள்ளையடிப்பதற்காக வெளியே எடுத்த சில பெட்டிகளை அதன்கீழ் வைத்தோம். ஜூன் மாதத்தில் பருவமழை வந்தது. கூரைத் திருகுகளின் தலைக்கு அடியில் ரப்பர் வளையமே இல்லை என்பது முதல் இரவில்தான் தெரிந்தது. ஒவ்வொரு துளையும் ஒரு சொட்டுக் குழாய் ஆயிற்று. ஒரு பெட்டியில் எங்கள் தந்தையார் முப்பது ஆண்டுகளாக எழுதிவந்த வரவு செலவுக் குறிப்பேடுகள் இருந்தன. அரிசி விலை, பள்ளிக் கட்டணம், அத்தை திருமணத்துக்கு வாங்கிய கடன், அது அடைந்த நாள் எனக் குடும்பத்தின் கதை முழுவதும் மையில் இருந்தது. காலையில் பெட்டியைத் திறந்தபோது பாதிக்குமேல் நீலக் கறையாகக் கரைந்திருந்தது. ஒவ்வொரு ரூபாயையும் எழுதிவைத்தவரின் பிள்ளைகள், 25,000 ரூபாயை ஒரு வரிகூட எழுதாமல் கொடுத்திருந்தோம்.

முன்பணம் எங்கே போகிறது?

மழை ஓய்ந்தபின் இரண்டாமவரைத் தேடினோம். இம்முறை அக்கம்பக்கத்தில் அவர் முன்பு செய்த இரண்டு கொட்டகைகளை நேரில் சென்று பார்த்த பிறகே அழைத்தோம். மராத்வாடாப் பகுதியிலிருந்து வந்து இங்கே தங்கித் தொழில் செய்பவர். நாங்கள் அவரைப் ‘பாவூ’ என்று அழைத்தோம்; மராத்தியில் சகோதரர் என்று பொருள். அவர் எங்களைக் ‘காகா’ என்றும் ‘காகூ’ என்றும் அழைத்தார்.

பாதியில் நின்ற கூட்டைச் சுற்றிவந்து பார்த்தவர், முதலாமவரைத் திட்டவில்லை. “அவர் ஓடிப்போனவராக இருக்கமாட்டார், காகா. உங்கள் முன்பணம் அதற்கு முந்தைய வீட்டின் கூரையாகியிருக்கும். அடுத்த வீட்டின் முன்பணம் கிடைத்தால் உங்கள் கதவு வந்திருக்கும். இடையில் ஒரு வீட்டார் பணம் தராமல் நிறுத்திவிட்டால் சங்கிலி அறுந்துவிடும்” என்றார்.

அந்த விளக்கம் எங்களுக்குப் பலவற்றைத் தெளிவாக்கியது. சிறு தொழிலாளிக்கு இரும்புக் கடையில் கடன் கிடைப்பது அரிது. ஆகவே அவர் முன்பணம் கேட்பது இயல்பே. பொருளுக்கான பணமும் உழைப்புக்கான பணமும் ஒரே கையில், ஒரே தொகையாகச் சேர்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இரண்டையும் பிரித்துவிட்டால் தீர்வு எளிது. பொருளுக்கான பணம் நேரே கடைக்குப் போகட்டும்; உழைப்புக்கான பணம் முடிந்த வேலையைப் பின்தொடர்ந்து போகட்டும்.

பொருளுக்குக் கடையில் கணக்கு

பாவூ தந்த பட்டியலின்படி பொருள்களுக்கு 22,000 ரூபாய், கூலி 12,000 ரூபாய். பழைய கூட்டின் குழாய்களை உள்ளே அடுக்குத் தட்டுகளுக்குப் பயன்படுத்தலாம் என்றார். பட்டியலை எடுத்துக்கொண்டு அவரும் நாங்களும் கடைக்குச் சென்றோம். பணத்தை எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேரே கடையின் கணக்குக்கு அனுப்பி, ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய பில்லைப் பெற்றுக்கொண்டோம்.

அங்கே ஒரு பாடம் கிடைத்தது. கால்களுக்கு 40 மில்லிமீட்டர் சதுரக் குழாய் என்று மட்டும் சொன்னால் போதாது. சுவரின் தடிமனையும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் 1.6 மில்லிமீட்டர் குழாயும் 2 மில்லிமீட்டர் குழாயும் ஒன்றுபோலவே இருக்கும். தராசு மட்டும் ஏமாறாது. ஆறு மீட்டர் நீளமுள்ள குழாய், 2 மில்லிமீட்டர் தடிமன் என்றால் சுமார் 14 கிலோ இருக்கும், 1.6 என்றால் சுமார் பதினொன்றரை கிலோதான். முதலாமவர் நிறுத்திய கால்கள் மெல்லியவை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பில்லைப் பற்றி ஒரு சொல். சேவை மட்டும் அளிக்கும் சிறு தொழிலாளியின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், பெரும்பாலான மாநிலங்களில் அவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே வரி பில் தராததைக் கொண்டு அவரைக் குறை கூறலாகாது. ஆனால் ஜிஎஸ்டி என்று தனியாகத் தொகை கேட்பவர் தமது 15 இலக்கப் பதிவு எண்ணைக் காட்டியே தீரவேண்டும்.

கூலிக்கு வேலையில் கணக்கு

ஒரு பள்ளி நோட்டின் தாளில் வேலையை நான்கு கட்டங்களாக எழுதினோம். கூடு நிமிர்ந்து நின்றால் 3,000 ரூபாய். கூரையும் சுவர்த் தகடுகளும் ஏறினால் 3,000. கதவும் வண்ணமும் முடிந்தால் 4,000. மீதி 2,000 ரூபாய், முதல் நல்ல மழைக்குப் பிறகு. கடைசித் தொகைக்குப் பாவூவே ‘மழைப் பணம்’ என்று பெயர் வைத்தார்.

வேலையின் விவரத்தையும் அதே தாளில் எழுதினோம். கால்கள் மண்ணில் புதையாமல், தரையிலிருந்து அரையடி உயர்ந்த சிமெண்டு மேடைமேல் தகட்டோடும் போல்ட்டோடும் நிற்க வேண்டும். ஆறடி அகலக் கூரைக்கு ஏழு அங்குலமாவது சரிவு வேண்டும்; நீர் எங்கள் பக்கமே விழவேண்டும், அண்டை வீட்டார் சுவரில் விழலாகாது. ஒவ்வொரு திருகுக்கும் ரப்பர் வளையம் வேண்டும். வெல்டிங் செய்த இடங்களில் துரு தடுக்கும் பிரைமர் பூசியபின்பே வண்ணம் அடிக்க வேண்டும். காற்றுப் போக மேலே இரு திறப்புகள் வேண்டும். இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டோம்.

வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும் என்பதே 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் நிலை. எனினும் சொன்னது இன்னதென்று பின்னர் மெய்ப்பிக்க ஒரு தாள் வேண்டும்.

கையொப்பமிடும் முன் பாவூவும் ஒரு நிபந்தனை வைத்தார். “கட்டம் முடிந்த அன்று மாலையே பணம் வரவேண்டும், காகூ.” ஒப்புக்கொண்டோம், ஆனால் தவறியதும் நாங்கள்தான். இரண்டாம் கட்டம் முடிந்த அன்று வெளியூரில் இருந்தோம். திரும்பிவந்து தரலாம் என்று இருந்துவிட்டோம். மறுநாள் வேலை நடக்கவில்லை. அழைத்துக் கேட்டபோது, உடன்வரும் பையனுக்கு அன்றைய கூலி கொடுக்க முடியவில்லை, அவன் வேறிடத்துக்குப் போய்விட்டான் என்றார். குரலில் சினம் இல்லை. அதுவே எங்களை வெட்கப்படச் செய்தது. 3,000 ரூபாயை யுபிஐ வழியே அந்த நிமிடமே அனுப்பினோம். தாளில் எழுதிய சொல் இரு தரப்பையும் கட்டும் என்பதை அன்று உணர்ந்தோம்.

இருபது ரூபாய்

தகட்டின் விளிம்பு கத்திக்கு நிகரானது. பாவூவின் உதவியாள் முதல் நாள் வெறுங்கையோடு தகட்டைத் தூக்கினான். கையுறை வாங்கித் தந்தோம். வெல்டிங் இயந்திரத்தை வீட்டின் 6 ஆம்பியர் பிளக்கில் செருகவேண்டாம் என்று பாவூவே தடுத்து, கனத்த கம்பியுள்ள தனி இணைப்பைக் கேட்டார். பொறி பறக்கும் இடத்திலிருந்து வண்ண டப்பாக்களையும் காய்ந்த சருகுகளையும் அகற்றினோம்.

தேநீர் வேளையில் விபத்துக் காப்பீடு உண்டா என்று கேட்டோம். வங்கிக் கணக்கு இருந்தது, காப்பீடு இல்லை. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவைப் பற்றிச் சொன்னோம். 18 முதல் 70 வயது வரையிலான கணக்குதாரர் எவரும் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளப்படும். விபத்தில் இறப்போ முழு ஊனமோ நேரிட்டால் 2 லட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 1 லட்சம் ரூபாய். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 தொடங்கி மே 31 வரை. மறுவாரம் அவரும் உதவியாளும் தங்கள் கிளைக்குச் சென்று ஒப்புதல் படிவம் கொடுத்துவந்தனர். கூரைமேல் ஏறும் ஒருவரை வேலைக்கு அழைக்கும் எவரும், அவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கலாம்.

வாசகர் நினைவிற் கொள்ள

பெட்டியில் பாகங்களாக வரும் கொட்டகையை இணையத்தில் வாங்குவோரும் உண்டு. விலையில் பொருத்தும் கூலி அடங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பெட்டி வந்தவுடன் பாகங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணிய பிறகே ஆளை அழைக்க வேண்டும். இல்லையேல் ஒரு திருகு குறைந்தாலும் ஒரு நாள் கூலி வீணாகும். கொட்டகைக்கான அனுமதி விதிகள் ஊருக்கு ஊர் மாறுபடும். உள்ளாட்சி அலுவலகத்திலும் குடியிருப்போர் சங்கத்திலும் கேட்டறிதல் நலம்.

பணம் அனுப்புகையில் பெறுபவரின் பெயரைத் திரையில் படித்து உறுதி செய்யவேண்டும். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. முன்பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி அந்த எண்ணை இடச் சொல்பவர் மோசடிக்காரரே. ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

பணம் கொடுத்துப் பெறும் சேவையில் குறை இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைநிற்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கும் முதலில் கேட்கப்படுவது சான்றுதான். எங்கள் முதல் 25,000 ரூபாய்க்கு எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. 36,000 ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய கொட்டகைக்கு, மேடைச் செலவு நீங்கலாக, 59,000 ரூபாய் செலவாயிற்று.

வேலை முடிந்த பத்தாம் நாள் பெருமழை பெய்தது. விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே சென்று பார்த்தோம். இரு தகடுகள் சேரும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு. மறுநாள் பாவூ வந்து இணைப்பில் பசை பூசி, குழாய் நீரைப் பாய்ச்சிக் காட்டினார். மழைப் பணம் 2,000 ரூபாய் அவர் ஏணியிலிருந்து இறங்குவதற்குள் அவர் கணக்கில் சேர்ந்தது.

எஞ்சிய குறிப்பேடுகளை உலர்த்தி, இப்போது வீட்டுக்குள் அலமாரியில் வைத்திருக்கிறோம். கையொப்பமிட்ட அந்த நோட்டுத் தாளும் அவற்றோடுதான் இருக்கிறது.