கணினியை ஒலிபெருக்கியோடு இணைக்கையில் எழும் முரலொலி

ஈப்போ நகர மண்டபமாயினும், சுங்கை சிப்புட்டை அடுத்த பழைய தோட்டப்புறப் பள்ளியாயினும், பேச்சுப் போட்டிக்கெனவோ ஆண்டு விழாவுக்கெனவோ மடிக்கணினியை ஆம்பிளிபயரோடு இணைத்தவுடன் 'ம்ம்...' என்றொரு ஒலி எழுவதை ஆசிரியர் பலரும் அறிவர். வண்டு முரல்வதை இனிதென்று போற்றியவர் நம் புலவர். இம்முரலொலியோ மேடையேறும் மாணவரின் சொல்லை விழுங்கிவிடுகிறது.

மலேசியாவில் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. ஆகவே முரலொலி 50 ஹெர்ட்ஸ் அளவிலும் அதன் மடங்காகிய 100 ஹெர்ட்ஸ் அளவிலும் கேட்கும். கணினியில் பாட்டேதும் ஓடாதபோதும் கேட்பதால், மின்வழியில் நுழைந்த ஒலி அதுவெனத் தெளியலாம்.

நுழையும் வழி யாது? நம் மூன்றுமுனைப் பிளக்கின் நீண்ட முனை, எர்த் எனப்படும் புவித்தொடர்புக்குரியது. கணினியின் சார்ஜர் சுவரோரச் சாக்கெட்டில் இருக்கிறது; ஆம்பிளிபயர் மேடைக்கு அப்பால் வேறொன்றில் இருக்கிறது. இரண்டும் தத்தம் வழியே நிலத்தைத் தொடுகின்றன. நாம் மாட்டும் ஒலிக்கம்பியின் உலோக மேலுறை அவ்விரண்டையும் மீண்டும் பிணைக்க, ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. இரு புவித்தொடர்புகளுக்கிடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு இருப்பினும் போதும். வளையத்தில் மின்னோட்டம் பாயும். ஒலிக்குறிப்பு திரும்பும் வழியும் அம்மேலுறையே ஆதலால், ஆம்பிளிபயர் இரண்டையும் சேர்த்தே பெருக்குகிறது. பழைய கட்டடத்தோடு பிற்காலத்தில் ஒரு கூடம் சேர்க்கப்பட்டு, அதற்கு வேறு மின்பலகையிலிருந்து கம்பி இழுத்திருந்தால் இவ்வேறுபாடு மிகக்கூடும்.

சோதனை எளிது. சார்ஜரைக் கழற்றி, கணினியை அதன் பேட்டரியிலேயே இயங்க விடுவோம். முரலொலி நின்றால் வளையமே காரணம். நில்லாமல், கம்பியின் முனையை விரலால் தொடும்போது கூடினால், அக்கம்பியின் மேலுறை அறுந்திருக்கக்கூடும், கம்பியை மாற்றவேண்டும். மைக்குக்குரிய துளையில் கணினியைச் செருகியிருப்பதும் உண்டு. அத்துளை மில்லிவோல்ட் அளவையே மிகப் பெருக்குவதாதலால் சிற்றிரைச்சலும் பேரிரைச்சலாகும். லைன் எனக் குறித்த துளையே கணினிக்கு உரியது.

இங்கு ஒரு வழக்கத்தைக் கடுமையாக மறுக்கவேண்டியுள்ளது. எர்த் முனையை ஒடித்தோ நாடா சுற்றியோ, பேனாவால் சாக்கெட்டின் மூடியை நெம்பி இருமுனையாகச் செருகுவோர் உளர். முரலொலி நின்றுவிடும், வளையம் அறுந்ததன்றோ! ஆனால் ஆம்பிளிபயருக்குள் மின்கம்பி ஒன்று நெகிழ்ந்து உலோகப் பெட்டியைத் தொடுமாயின், மின்னை நிலத்துக்கு இறக்கி உருகியை அறுக்கும் வழி அங்கு இராது. பெட்டியோடு இணைந்த மைக்கின் உலோக உடலும் 230 வோல்ட் தாங்கி நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு அதைப் பற்றுவது ஒரு குழந்தையின் கை.

தக்க வழி, இரு கருவிகளையும் ஒரே சாக்கெட்டிலிருந்து பிரியும் நீட்டிப் பலகையில் செருகுவது. புவித்தொடர்பு ஓரிடத்தே அமைவதால் பெரும்பாலும் இதுவே போதும். போதாவிடில், ஒலிக்கம்பியின் இடையே ஒன்றுக்கு ஒன்று என்னும் சுற்றளவுள்ள சிறு தனிமைப்படுத்தும் மின்மாற்றியைப் பொருத்தலாம். அதில் ஒலிக்குறிப்பு காந்தப்புலத்தின் வழியே கடக்கும். கம்பிக்குக் கம்பி உலோகத் தொடர்பு இராது. இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. எர்த் முனையையும் தொடவேண்டியதில்லை. மலிவான மின்மாற்றி தாழ்ந்த ஒலிகளைச் சற்று மெலியச் செய்யும். பேச்சுக்கு அது குறையாகாது, மிருதங்கப் பதிவின் தொப்பி ஒலிக்கே வேறுபாடு தெரியும்.